இடுப்பெலும்புக்குள் காலி இடம்

பிள்ளைகளின் உடம்புக்குள் இருப்பதைப் பிள்ளைகளுக்கே காட்டும் கருவி சிகரம் மேல்நிலைப் பள்ளிக்கு வந்த அன்று, தாளாளர் கருப்பண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இதுல எதையெல்லாம் காட்டாம இருக்க முடியுமுங்க தம்பி?" என்பதுதான்.

கருவியைக் கொண்டுவந்திருந்த பெனடிக்ட் அசரவில்லை. அவன் போன பள்ளிகளிலெல்லாம் இதையே கேட்டிருந்தார்கள். என்ன, அங்கே காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்கள்.

அறையின் ஓரத்து நாற்காலியில் விலங்கியல் ஆசிரியை அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். மேல்நிலை வகுப்புகளுக்கு மனித உடலியங்கியல் அவள் பாடம் என்பதால் வரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அந்தப் பள்ளியில் யாரையும் பிடிக்காது. இரவும் பகலும் அடைத்துப் போட்டுப் படிக்கவைக்கும் இந்த மாதிரி விடுதிப் பள்ளிகளை ஊரில் பிராய்லர் பள்ளி என்பார்கள். கருப்பண்ணன் விஷயத்தில் அது கேலிகூட இல்லை, வாழ்க்கை வரலாறு. பள்ளி கட்டுவதற்கு முன் அவர் நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். கொட்டகையில் விளக்கைப் போட்டு இரவைச் சுருக்கினால் கோழி கூடுதலாக முட்டையிடும் என்று அங்கே கற்றுக்கொண்டதை விடுதிப் படிப்பறையில் அப்படியே அமல்படுத்தினார். பிள்ளைகளும் கூடுதலாக மதிப்பெண் இட்டார்கள்.

"நிழலுடல்னு பேரு சார்" என்று பெனடிக்ட் ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினான். அகலமான இடுப்புவார் போலிருந்தது. "இதை வயித்தச் சுத்திக் கட்டிக்கிட்டாப் போதும். ஒலி அலையை உள்ள அனுப்பி, திரும்பி வர்றத வெச்சு, நெஞ்சுல இருந்து தொடை வரைக்கும் உள்ள இருக்கறதப் போர்டுல காட்டும். இதயம் துடிக்கறது, குடல் நெளியறது, எல்லாம் அந்தப் புள்ளையோடதே. பொம்மை இல்ல, வீடியோ இல்ல. ஒரு பையன் ஓடிட்டு வந்து நின்னான்னா, அவன் இதயம் எப்படி அடிச்சுக்குதுன்னு அவனே பாக்கலாம்."

"வெல?"

"வெலயே இல்ல சார். மெஷினும் படிக்கற புள்ள மாதிரிதான். நல்லா இருக்கற உடம்பு எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரிஞ்சாத்தான், ஆஸ்பத்திரியில கெட்டுப்போன உடம்பக் கண்டுபிடிக்கும். அதுக்கு எளவட்டமா, நோயில்லாத உடம்பு நெறைய வேணும். அதான் பள்ளிக்கூடமாப் பாத்து இலவசமா வெக்கிறோம். உங்க புள்ளைங்க அதப் பாத்துப் படிப்பாங்க, அது உங்க புள்ளைங்களப் பாத்துப் படிக்கும்."

இலவசம் என்ற சொல்லுக்குத் தாளாளரின் காது எப்போதும் திறந்தே இருக்கும். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிறகு அம்சவேணி பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மிஸ், அந்தப் பாடத்த நீங்க எப்படி நடத்தறீங்க?"

"எந்தப் பாடமுங்க சார்?"

அவளுக்குத் தெரியும். அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள். முட்டையை விற்று மூன்று மாடி கட்டிய மனிதருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"அதாம்மா... அந்தப் பாடம்."

"நடத்தறதில்லீங்க. கேள்வி பதிலா அடிச்சு ஷீட்டாக் குடுத்துடறேன். மனப்பாடம் பண்ணி எழுதிடறாங்க."

அது உண்மை. வேலைக்கு வந்த புதிதில் இனப்பெருக்க மண்டலத்தின் படத்தைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்து நடத்தினாள். மறுநாள் ஒரு மாணவியின் அப்பா வந்து, பொம்பளையா நீயெல்லாம் என்று அலுவலக வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். கருப்பண்ணன் அவளைக் கூப்பிட்டுப் பலகையைத் துடைக்கச் சொன்னார். துடைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பாடம் ஷீட்தான். நுழைவுத் தேர்வில் அதிலிருந்து வரும் கேள்விகளை ஒரு பிள்ளையும் தவறவிட்டதில்லை என்பதால், நடத்தாததால் நஷ்டம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அப்ப அத எடுத்துருங்க தம்பி" என்றார் தாளாளர். "வயசுப் புள்ளைங்க. பெரிய போர்டுல அதப் போட்டுக் காட்டுனா நாளைக்குப் பெத்தவங்க வந்து என் சட்டையப் புடிப்பாங்க."

"கீழ மொத்தமா மறைச்சிடலாம் சார்."

"மொத்தமா வேண்டாம். மூத்திரப்பை வேணும், எக்ஸாம்ல வருது. குடல் முழுசா வேணும், குடல்வால் வரைக்கும். அத மட்டும் எடுங்க. பையனுக்கும் சரி, பொண்ணுக்கும் சரி."

பெனடிக்ட் தலையைச் சொறிந்தான். "எடுத்தா இடுப்பெலும்புக்குள்ள காலி இடமாத் தெரியும் சார்."

"காலியாவே இருக்கட்டும்."

"இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் திரையில மட்டும் மறைக்க முடியாது. அந்த உறுப்பப் பாக்காதேன்னு மெஷினுக்கே சொல்லணும். அப்புறம் அங்க எதுவும் இல்லைன்னுதான் அது கத்துக்கும். அங்க ஏதாச்சும் கோளாறு வந்தாலும் அதுக்குத் தெரியாது."

"பதினேழு வயசுல அங்க என்ன தம்பி கோளாறு வந்துரப் போவுது?" என்று கருப்பண்ணன் சிரித்தார். "என்னுங்க மிஸ்?"

அம்சவேணி மனதுக்குள் காறித் துப்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கூட்டம் என்று நினைத்தாள். உயிர் எங்கிருந்து வருகிறது என்பதை எடுத்துவிட்டு உயிரியல் நடத்தப் போகிறார்களாம். அவளுடைய ஏளனம் முகத்தில் ஒரு கோடுகூடப் போடாமல் உள்ளேயே பத்திரமாக இருந்தது. வெளியே, "சரிங்க சார்" என்று தலையாட்டினாள்.

இப்படிப்பட்டவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். மனதுக்குள் வெறுத்துவிட்டால் எதிர்த்ததாகவே கணக்கு என்று நம்புகிறவர்கள். சம்பள நாளில் வரிசையில் முன்னால் நிற்பவர்களும் அவர்கள்தான்.

கருவி வந்ததும் வகுப்பறை திருவிழாவாகிவிட்டது. அதை மறுப்பதற்கில்லை. ஒரு பையன் தண்ணீர் குடித்தான், அது நெஞ்சு வழியாக இரைப்பைக்கு இறங்குவதை வகுப்பே பார்த்தது. ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதரவிதானம் கீழே இறங்கி அப்படியே நிற்பதைப் பார்த்துக் கண் கலங்கினாள். "இது நானா மிஸ்?" என்று கேட்டாள். பார்த்ததை நான்கு விடைகளில் ஒன்றாகக் குறிக்க மட்டுமே பழக்கப்பட்ட கிளிகள் அவை என்பது அம்சவேணியின் எண்ணம். அந்தக் கிளிகள் ஆச்சரியப்படுவதைப் பார்க்க அவளுக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பலகையில் எந்தப் பிள்ளை நின்றாலும், இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள் சிறுநீர்ப்பை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. சுற்றிலும் கறுப்பு. ஆணும் பெண்ணும் அச்சாக ஒன்றுபோல இருந்தார்கள். அது ஏன் என்று கேட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. கேட்கக் கூடாதது எது என்று இந்த நாட்டில் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கருப்பண்ணனுக்குக் கருவியின் அருமை சனிக்கிழமைதான் புரிந்தது. சனிக்கிழமை வாராந்திரத் தேர்வு. அன்றைக்குக் காலையில் விடுதியில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வரும். நோயாளி அறையில் இருந்த நர்ஸம்மா யாரையும் திருப்பி அனுப்பாத ஆள். நாலு பேரைப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுப்பாள். இப்போது பட்டையைக் கட்டினால் திரை ஒரு நொடியில் சொல்லிவிட்டது. கோளாறு இருந்தால் சிவப்பு. இல்லையென்றால் பச்சையில் 'நலம்'. நலம் என்று வந்தால் நடிப்பு என்று பொருள். அடுத்த மாதமே நர்ஸம்மாவுக்கு வேலை போயிற்று. சிவப்பு வந்தால்தான் வெளியே போகச் சீட்டு, இல்லையென்றால் தாளாளரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று விதி வந்தது.

பெண் பிள்ளைகளுக்கு மாதாமாதம் வரும் வலிக்கும் திரை பச்சைதான் காட்டியது. அவர்களும் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். அந்த வலியை மெஷின் நம்பாது, மெஷின் நம்பாததை விடுதி வார்டனம்மா நம்பமாட்டாள். துண்டை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படிப்பறைக்குப் போனார்கள். பள்ளியில் வயிற்றுவலியே ஒழிந்துவிட்டது என்று கருப்பண்ணன் பேட்டி கொடுத்தார்.

பிரகதி அந்த வருடம் பள்ளி நம்பியிருந்த பிள்ளைகளில் ஒருத்தி. அப்பா செல்லமுத்து திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருந்தார். பூமிக்குள் ஆயிரம் அடி துளை போட்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற மனிதர். மகள் டாக்டராக வேண்டும் என்பது அவர் கட்டளை. அவளும் ஆகிவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மாதிரித் தேர்வு நடந்த அன்று காலையில், தேர்வுக்கூடத்தில் கண்காணிப்புக்கு நின்ற அம்சவேணியிடம் அவள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ், வலிக்குது."

"எங்க?"

பிரகதி சுற்றும் முற்றும் பார்த்தாள். முதல் வரிசையில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். "வயித்துல" என்றாள்.

"சிக் ரூமுக்குப் போனியா?"

"போனேன் மிஸ். பச்சைதான் வந்துச்சு. வார்டனம்மா திட்டி அனுப்பிட்டாங்க."

"வயித்துலன்னா எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். கீழ." பிறகு இன்னும் மெதுவாக, "நெம்பக் கீழ மிஸ்" என்றாள்.

குடல்வாலாக இருக்குமோ என்று அம்சவேணிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் குடல்வால் பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் இருப்பதை மெஷின் பார்க்கும். பார்த்துவிட்டு நலம் என்று சொல்லியிருக்கிறது. அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று மாணவிக்குத் தெரியாமல் போகலாம். விலங்கியலில் முதுகலை படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வருடம் முழுவதும் அந்தக் கறுப்பு இடத்தையே பார்த்துப் பார்த்து, அங்கே எதுவும் இல்லை என்பது அவள் கண்ணுக்கும் பழகிப்போயிருந்தது. தேர்வுக்குப் பயந்த கிளி என்று நினைத்தாள்.

"பச்சைதான வருது? போய் உக்காந்து எழுது."

பிரகதி போய் உட்கார்ந்து எழுதினாள். அதுதான் அவளுடைய வளர்ப்பு. கடைசிக் கேள்வி வரை எழுதிவிட்டு, விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தேர்வுக்கூட வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பிறகு அவளால் நிமிர முடியவில்லை. தூக்கிவிடப் போன அம்சவேணியின் கை தெரியாமல் அடிவயிற்றில் பட்டதும் அவள் போட்ட சத்தம், எந்தப் பிள்ளைக்கும் நடித்துக் காட்ட வராத சத்தம்.

நோயாளி அறையில் மறுபடியும் பட்டையைக் கட்டினார்கள். பிள்ளை கட்டிலில் சுருண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே திரை, நலம் என்றது.

"பாத்தீங்களா மிஸ், பச்சை" என்றாள் வார்டனம்மா.

"கண்ணு தெரியுதா உங்களுக்கு? புள்ளையப் பாருங்க!"

"நான் பாத்து என்ன பண்றது? சிவப்பு வந்தாத்தான் கேட்டைத் தெறப்பாங்க. அய்யாகிட்ட வேணா போய்க் கேளுங்க."

அய்யா கருத்தரங்கக் கூடத்தில் இருந்தார். அடுத்த வருடம் பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் கூட்டம். மேடையில் ஒரு பையன் பட்டையோடு நிற்க, அவன் இதயம் சுவர் அளவுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. பெற்றோர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருப்பண்ணன் சட்டைக் காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அம்சவேணி நேராக மேடைக்குப் போனாள்.

"சார், பிரகதிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். உடனே."

அவர் எரிச்சலைக் காட்டவில்லை. கூட்டத்துக்கு முன்னால் அதை ஒரு விளம்பரமாக்கிக்கொண்டார். "மெஷின் என்ன சொல்லுதுங்க மிஸ்?"

"நலம்னு சொல்லுது."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று பெற்றோர் பக்கம் திரும்பினார். "இதத்தானுங்க சொல்ல வந்தேன். டீச்சரம்மாவே வெசனப்பட்டு ஓடியாறாங்க. மனுசங்கன்னா அப்படித்தான், பாசம். ஆனா மெஷின் பொய் சொல்லாதுங்க."

முன்வரிசையில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

"மெஷினுக்குத் தெரியாத இடத்துல வலிக்குதுங்க சார்."

"அதெது மெஷினுக்குத் தெரியாத இடம்?"

"நீங்க எடுக்கச் சொன்ன இடம்." அவள் அதோடு நிற்கவில்லை. "கோழிக்கு முட்டை எங்கிருந்து வருதுன்னு பண்ணையில கைய விட்டுப் பாத்தவருதானுங்க நீங்க. உங்களுக்குத் தெரியாதா? அதே இடந்தான் புள்ளைக்கும் வலிக்குது."

காலரில் இருந்த மைக் அவர் பேச்சையும் அவள் பேச்சையும் பேதம் பார்க்காமல் கூடம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்பண்ணன் மைக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பல்லுக்கு நடுவே பேசினார்.

"கூட்டிட்டுப் போங்க. இதுக்கு மேல ஒரு வார்த்த பேசாதீங்க."

பிள்ளைக்காகக் கேட் திறக்கவில்லை. அந்த வாய் மூட வேண்டும் என்பதற்காகத் திறந்தது. காரில் பிரகதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது, கருவி வந்த அன்றைக்குத் தாளாளர் அறையில், ஒரு கூட்டமும் மைக்கும் இல்லாமல், இதே வாக்கியத்தைச் சாவகாசமாகச் சொல்லியிருக்கலாமே என்று அம்சவேணிக்குத் தோன்றியது. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது. அதைச் சொல்லிப் பார்க்க அவளுக்கு ஒரு வருடமும் ஒரு பிள்ளையின் அலறலும் தேவைப்பட்டிருந்தது.

நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. பணியில் இருந்தவர் டாக்டர் ஃபரிதா பானு. நடுவயது, தூங்கி நாளாகிவிட்ட முகம். நர்ஸ் முதல் வேலையாக ஒரு பட்டையைக் கொண்டுவந்து பிரகதியின் வயிற்றில் கட்டினாள். அதே பட்டை, அதே கம்பெனி. திரையில் அதே கறுப்புக் கிண்ணம், அதில் அந்தரத்தில் ஒரு பை. நலம்.

"இங்கயும் இதுதானுங்களா டாக்டர்?"

"மேனேஜ்மென்ட் ரூல். மொதல்ல இதப் போட்டாத்தான் பில்லு" என்ற டாக்டர், திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டையை அவிழ்த்துக் கட்டிலில் எறிந்தாள். "வயசான பொம்பளைங்கன்னா ஏதோ கொஞ்சம் சொல்லும். சின்னப் பொண்ணுங்க வந்தா இடுப்புக்குக் கீழ இதுக்குக் கண்ணே கிடையாது. அங்க ஒண்ணுமே இருக்கக் கூடாதுன்னு யாரோ இதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்காங்க. எந்த முட்டாள்னு தெரியல."

அம்சவேணிக்குத் தெரிந்தது. ஒரு முட்டாள் இல்லை. மாநிலம் முழுக்க எத்தனை பள்ளியோ, அத்தனை தாளாளர். ஒவ்வொருவர் அறையிலும் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிய ஒரு ஆசிரியை. ஆளுக்கு ஒரு பிடி மண்ணைப் போட்டு மெஷினின் கண்ணை மூடியிருந்தார்கள்.

டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தாள். மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய ஸ்கேன் கருவியை இழுத்துவரச் சொன்னாள். பசையைத் தடவி, கருவியை அழுத்தி, மங்கலான சாம்பல் நிறப் படத்தில் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"சினைப்பையில கட்டி. அந்தக் கனத்துல சினைப்பையே தன் காம்பு மேல முறுக்கிக்கிட்டிருக்கு. ரத்தம் போகல. எப்பருந்து வலி?"

"காலையில இருந்துங்க."

"காலையிலயே கொண்டாந்திருந்தா திருப்பி விட்டுக் காப்பாத்தியிருப்பேன்." டாக்டர் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. தினமும் யாரிடமாவது சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் அது. "இப்பச் சினைப்பையக் காப்பாத்த முடியுமான்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும். அப்பனுக்குப் போன் போடுங்க."

செல்லமுத்து வந்து கையெழுத்துப் போட்டார். திறந்து பார்த்தபோது அது கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, இடப் பக்கம் நன்றாக இருக்கிறது, பின்னால் குழந்தை பெறுவதில் பெரிய சிரமம் இருக்காது என்று டாக்டர் செல்லமுத்துவிடம் விளக்கமாகச் சொன்னாள். மகளிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

பிரகதி பள்ளிக்குத் திரும்பிய அன்று, தாளாளர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். கருப்பண்ணன், செல்லமுத்து, பிரகதி, அம்சவேணி. செல்லமுத்து சண்டைக்கு வந்திருக்கிறார், நியாயம் கேட்கப் போகிறார் என்றுதான் அம்சவேணி நம்பிக்கொண்டு வந்தாள். வேலை போனாலும் சரி, நடந்ததையெல்லாம் அவர் முன்னால் சொல்லிவிடுவது என்ற முடிவோடு இருந்தாள். ஒரு மனிதனாவது கத்தட்டும் என்று இருந்தது அவளுக்கு.

கருப்பண்ணன் ரொம்பப் பணிவாக இருந்தார். "அம்மிணி, ஒரு நிமிசம்" என்று பிரகதியை எழுந்து நிற்கச் சொல்லி, வார்டனம்மாவைக் கூப்பிட்டு, சீருடைக்கு மேலேயே பட்டையைக் கட்டவைத்தார். சுவரில் பிரகதி தெரிந்தாள். இதயம், நுரையீரல், குடல், அந்தரத்தில் பை. நலம் என்று வந்தது.

"பாருங்க" என்றார் கருப்பண்ணன். "ஆபரேசனுக்கு முன்னாடி எடுத்த படத்தையும் பக்கத்துல போடறேன். ரெண்டுக்கும் ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதுங்களா? ஒண்ணும் கொறையில்ல. புள்ள முழுசா இருக்கு."

அம்சவேணி செல்லமுத்துவைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய்த் திரைக்கு அருகில் நின்று, இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தோள் தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இதையே ஒரு சர்டிபிகேட்டா அடிச்சுக் குடுக்க முடியுமுங்களா?"

"என்னதுங்க?"

"பள்ளிக்கூடத்து முத்திரை போட்டு. பொண்ணு உடம்புல ஒரு கொறையும் இல்லைன்னு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல எவனாச்சும் காதுல போட்டு வெச்சான்னா, எடுத்துக் காட்ட ஒண்ணு வேணுமுங்க. ஆஸ்பத்திரிக் காயிதத்தையெல்லாம் கிழிச்சு எறிஞ்சுட்டேன்."

"அதுக்கென்னுங்க, தாராளமா" என்று கருப்பண்ணன் முகம் மலர்ந்தார். ஒரு வழக்கு வரும் என்று பயந்திருந்தவருக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்திருந்தார்.

இத்தனை நாள் அம்சவேணி ஒரு கருப்பண்ணனை வெறுப்பதற்கு எவ்வளவு சக்தியைச் செலவழித்திருக்கிறாள்! வெறுக்க வேண்டிய ஆள் எப்போதும் ஒருத்தர்தான் இருப்பார் என்று நினைத்த தன் சோம்பேறித்தனம் அவளுக்கு அசிங்கமாகப் பட்டது.

"அந்தப் படத்துல அது முன்னாடியும் இல்லீங்க, இப்பவும் இல்லீங்க" என்றாள். "இல்லாததுக்கு என்ன சர்டிபிகேட்டு?"

"மிஸ், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார் செல்லமுத்து. "புள்ள இருக்குது."

புள்ள இருந்தாள். பட்டையை அவிழ்க்காமல், தன் இரண்டு படங்களுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"மிஸ், எனக்கு என்னத்த எடுத்தாங்க?" என்றாள். "அப்பா குடல்ல கட்டின்னு சொல்றாரு. அம்மா கேட்டா அழறாங்க. குடல் முழுசா இருக்குதே இதுல."

கருப்பண்ணன் மேசைமேல் இருந்த காகிதக் கனத்தை நகர்த்திவைத்தார். செல்லமுத்து மகள் முகத்தைப் பார்க்காமல் ஆசிரியையின் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"சினைப்பை" என்றாள் அம்சவேணி. "வலது பக்கச் சினைப்பை."

"ஏனுங்க மிஸ்! ஆம்பளைங்க உக்காந்திருக்கற எடத்துல..." என்றார் கருப்பண்ணன்.

"அப்ப எந்திரிச்சு வெளிய போங்க."

இருவருமே எழுந்தார்கள். ஒருவர் தன் மகளை விட்டுவிட்டும், ஒருவர் தன் சொந்த அறையை விட்டுவிட்டும் போனார்கள். போகிறபோது கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டார்கள்.

பிரகதி யோசித்துக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்ட சொல்லை ஷீட்டில் இருந்த ஆங்கிலச் சொல்லாக மாற்றிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஓவரியா மிஸ்?"

"ஆமா."

"ஓவரி. நீளம் ரெண்டுல இருந்து நாலு சென்டிமீட்டர். பாதாம் பருப்பு வடிவம். தசைநாரால இடுப்புச் சுவரோடயும் கருப்பையோடயும் இணைஞ்சிருக்கும். மேல மெல்லிசா எபிதீலியம், உள்ள ரெண்டு பகுதி, வெளிப்புறம் கார்ட்டெக்ஸ், நடுவுல மெடுல்லா." ஒரே மூச்சில், ஒரு சொல் பிசகாமல், ஷீட்டில் இருந்த வரிசையிலேயே சொன்னாள். இந்த விடைக்கு அவளுக்கு ஒருபோதும் மதிப்பெண் குறைந்ததில்லை.

பிறகு சுவரில் இருந்த தன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். கை மெதுவாக, தையல் போட்ட இடத்துக்குப் போனது.

"அது எனக்குள்ளயா மிஸ் இருந்துச்சு?"